மூடித் திறந்தால் உறையும் லப்டொப்: லினக்ஸில் எங்கே தேடுவது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத நல்ல வழி லினக்ஸ். திருகோணமலை லிங்கநகரில் உயர்தரம் படிக்கும் பிள்ளை, நிலாவெளி கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்துக்குப் போய்வரும் கம்பஸ் மாணவர், கொமியூனிகேஷன் கடை நடத்துபவர் என்று யாராக இருந்தாலும், கைமாறி வந்த லப்டொப்பில் லினக்ஸ் மின்டோ உபுண்டுவோ போட்டுக்கொண்டால் இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம்.

போட்டுக்கொண்டவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. "எல்லாம் நல்லா ஓடுது. மூடியை மூடித் திறந்தா மட்டும் அப்படியே நின்டுடுது." திரை கறுப்பாக இருக்கும், அல்லது பூட்டுத்திரை தெரிந்தும் கடவுச்சொல்லைத் தட்ட விடாது. கடைசியில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கிறோம். எழுதிக்கொண்டிருந்த ஒப்படை போய்விடும். சிலர் இதற்காகவே லினக்ஸைக் கைவிட்டுப் பாதுகாப்பற்ற பழைய விண்டோஸுக்குத் திரும்புகிறார்கள். அதற்கு அவசியமில்லை.

வெளியே ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கோளாறுக்கு உள்ளே நாலைந்து வெவ்வேறு காரணங்கள் உண்டு. எது என்று தெரியாமல் யார் யாரோ சொன்ன கட்டளைகளை ஒட்டிக்கொண்டே போனால், பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேரும். முதலில் எந்தப் பகுதி எழும்பவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்தப் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஒழுங்கில்தான் போகிறது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

தூக்கத்தில் மூன்று வகை

கணினி எப்படித் தூங்க வேண்டும், எப்படி எழும்ப வேண்டும் என்பதற்கான ஏசிபிஐ என்ற பொது விதிமுறையை இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அந்த விதிமுறையில் எஸ்3 என்று ஒரு நிலை வரும். சிபியு, திரை, டிஸ்க் எல்லாம் அணைந்துவிடும். ரேம் மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் தன்னிடம் உள்ளதைக் காத்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் இதை 'டீப்' என்று அழைக்கிறது.

எஸ்4 என்பது ஹைபர்னேட். ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு இயந்திரம் முழுதாக அணைந்துவிடும். மின்சாரமே தேவையில்லை, எழும்பத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

மூன்றாவது வகை பிந்தி வந்தது. கைபேசிபோல எந்நேரமும் அரைவிழிப்பில் இருக்கும் தூக்கத்தை 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்தது. விண்டோஸ் 10 அதை விரிவாக்கி 'மொடர்ன் ஸ்டாண்ட்பை' என்று பெயரிட்டது. லினக்ஸில் அதற்கு இணையானது 'எஸ்2ஐடில்'. இங்கே சிபியு அணைவதில்லை. ஆழ்ந்த ஓய்வில் மட்டும் இருக்கும். விண்டோஸ் இந்தப் பக்கம் போனதும் மடிக்கணினி நிறுவனங்கள் எஸ்3ஐக் கைவிடத் தொடங்கின. 2018இல் வந்த லெனோவோ திங்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமலேயே விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் பாவனையாளர்களின் முறைப்பாட்டுக்குப் பிறகு அதே வருடம் லெனோவோ பயோஸுக்கு, அதாவது கணினியை முதலில் தொடக்கிவைக்கும் உள்மென்பொருளுக்கு, ஒரு அப்டேட் கொடுத்து, 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற இடத்தில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு தெரிவுகளை வைத்தது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் எஸ்3 அறவே கிடையாது.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்க 'கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' என்று தட்டுங்கள். ஒரேயொரு வரி வரும். அதில் எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டு சொற்களும் இருந்தால் இயந்திரம் இரண்டையும் அறியும். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதே இப்போது நடைமுறையில் உள்ளது. டீப் என்ற சொல்லே இல்லையென்றால் உங்கள் இயந்திரத்தில் எஸ்3 இப்போது இல்லை. பயோஸில் 'ஸ்லீப் ஸ்டேட்' போன்ற தெரிவும் இல்லையென்றால், அதை வரவழைக்கச் சொல்லும் ஆலோசனைகள் எதுவும் உங்களுக்கு உதவாது.

மூடிய பிறகு உள்ளே நடப்பது

மூடியை மூடியதும் லினக்ஸ் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை எல்லாம் உறைய வைக்கிறது. பிறகு சாதனங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறது: திரைச் சில்லு, வைஃபை, யூஎஸ்பி, டிஸ்க். ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரும் தன் சாதனத்தின் நிலையைக் குறித்துவைத்துவிட்டு அதை அணைக்க வேண்டும். எஸ்3 என்றால் பிறகு ஒரு சிபியு கருவைத் தவிர மற்றவை அணையும். அங்கே கடைசிப் படியைப் பயோஸ் செய்கிறது.

எழும்பும்போது எல்லாம் தலைகீழ். கடை பூட்டும்போது கடைசியாக இழுத்த ஷட்டரைக் காலையில் முதலில் தூக்குவதுபோல, கடைசியில் அணைந்தது முதலில் எழும்ப வேண்டும். வழியில் ஒரு டிரைவர் சிக்கிக்கொண்டால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் காத்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு முழுக் கணினியும் செத்ததுபோலத் தெரியும்.

எஸ்3இல் எழும்பும்போது முதல் வேலை பயோஸுடையது. பயோஸில் பிழை இருந்தால் லினக்ஸ் கண் விழிக்கும் முன்பே காரியம் கெட்டுவிடும். எஸ்2ஐடிலில் அந்த வழி இல்லை; அங்கே பெரும்பாலும் டிரைவர்கள்தான் பொறுப்பு. அதனால்தான் ஒருவருக்குப் பலித்த தீர்வு இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

அணைப்பதற்கு முன் சில சோதனைகள்

அடுத்த முறை உறையும்போது பவர் பொத்தானுக்குப் போகாமல் இவற்றைச் செய்து பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மூடியைத் திறக்கும் முன் பவர் விளக்கைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் சரியாகத் தூங்கினால் அது மெல்ல மினுங்கும். விளக்கு மினுங்காமல் எரிந்துகொண்டு விசிறியும் சுழன்றால், இயந்திரம் தூங்கவே இல்லை. தூங்கப் போகும் வழியிலேயே சிக்கிவிட்டது. எழும்பவில்லை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இதுதான்.

திரை கறுப்பாக இருந்தால் கைபேசி டோர்ச்சைச் சாய்வாகத் திரையில் அடியுங்கள். மங்கலாகப் பூட்டுத்திரை தெரிந்தால் கணினி நன்றாக எழும்பிவிட்டது. திரையின் பின்வெளிச்சம் மட்டும் வரவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள்.

கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அழுத்த அழுத்த அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால், லினக்ஸின் மையமான கெர்னலுக்கு உயிர் இருக்கிறது. மாறாவிட்டால் மட்டும் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த விளக்கை இயக்குவது வரைகலைத் திரையின் நிரல் என்பதால், அது மட்டும் சிக்கியிருக்கவும் கூடும்.

அதைத் தெரிந்துகொள்ளக் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் சேர்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் எழுத்துத்திரை வந்து பெயர் கேட்டால், கோளாறு திரைச் சில்லிலோ வரைகலைச் சூழலிலோதான். அங்கேயே நுழைந்து 'சூடோ சிஸ்டெம்சிடிஎல் ரீபூட்' கொடுத்து ஒழுங்காக மறுதொடக்கம் செய்யலாம்.

வீட்டில் ஒரே ரவுட்டரில் இன்னொரு சாதனம் இருந்தால் அதிலிருந்து 'பிங்' அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் கெர்னல் உயிருடன் இருக்கிறது. பதில் வராவிட்டால், வைஃபை மட்டும் எழும்பாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

ஒரு அடையாளத்தைத் தனியாக மனதில் வையுங்கள். சுட்டி அசைகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆனால் எதை அழுத்தினாலும் திறக்கவில்லை. எழுத்துத்திரைக்குப் போனால் 'ஐஓ எரர்' அல்லது 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வரிகள் ஓடுகின்றன. இது டிஸ்க் எழும்பாத அறிகுறி. ரேமில் ஏற்கெனவே இருப்பது மட்டும் வேலை செய்கிறது. புதிதாக எதையும் படிக்க முடியவில்லை. அந்தத் திரையைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். டிஸ்க் இல்லாதபோது, நடந்ததை லினக்ஸ் குறித்துவைக்கும் பதிவேடும் எழுதப்பட்டிருக்காது என்பதால், அந்தப் படம்தான் உங்களிடமுள்ள ஒரே சாட்சி.

எதற்கும் அசையாவிட்டால், அணைப்பதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. ஓல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடையில் சில வினாடி விட்டு அழுத்துங்கள். எஸ் தரவை டிஸ்க்கில் எழுதும். யூ டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்று பூட்டும். பி மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை. கணினி உடனே மறுதொடங்கினால் கெர்னல் உயிருடன்தான் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

பதிவேடு சொல்லும் கதை

மறுதொடக்கம் ஆனதும் வேறு எதையும் செய்யும் முன் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 -இ' என்று தட்டுங்கள். கே என்பது கெர்னல் பதிவு. பி -1 என்பது இதற்கு முந்திய ஓட்டம். இ என்பது கடைசிப் பக்கத்துக்கு நேரே போகச் சொல்வது. அங்கே 'பிஎம்: சஸ்பென்ட் என்ட்ரி' என்ற வரியைத் தேடுங்கள். சரியாகத் தூங்கி எழும்பியிருந்தால் அதற்குக் கீழே 'பிஎம்: சஸ்பென்ட் எக்ஸிட்' என்ற வரி இருக்கும்.

எக்ஸிட் வரி இருந்து, அதற்குப் பின்னால் ஐ915, ஏஎம்டிஜிபியு, என்விஆர்எம், நூவோ ஆகிய பெயர்களோடு பிழைகள் வந்தால், கணினி எழும்பிவிட்டது. திரைச் சில்லுதான் தடுமாறியிருக்கிறது. முதலாவது இன்டெல், இரண்டாவது ஏஎம்டி, கடைசி இரண்டும் என்விடியா.

என்ட்ரி வரியோடு பதிவேடு முடிந்திருந்தால் அவசரப்படாதீர்கள். டிஸ்க் எழும்பும் முன் நடந்த எதையும் எழுதிவைக்க இடமில்லை. ஆகவே அந்த வெறுமை, தூங்கும் வழியிலோ எழும்பும் வழியிலோ நடுவில் சிக்கியது என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டில் எது என்பதைப் பவர் விளக்கும் விசிறியும் சொல்லும். மிச்சத்தைக் கீழே வரும் படிச்சோதனை சொல்லும்.

'டாஸ்க்ஸ் ரிஃபியூசிங் டு ஃப்ரீஸ்' என்று ஒரு வரி வந்தால், ஒரு நிரல் உறைய மறுத்திருக்கிறது. லினக்ஸ் இருபது வினாடி காத்திருந்து, தூங்கும் முயற்சியைக் கைவிட்டிருக்கும். வலையமைப்பில் இணைத்த கோப்புறை, கழற்றாத யூஎஸ்பி டிஸ்க் போன்றவை இதற்குக் காரணமாவது உண்டு.

தீர்வுகள், சுலபமானதிலிருந்து

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் பல முறை தூங்கவிட்டுப் பாருங்கள். சில கோளாறுகள் பத்துக்கு ஒரு தரம்தான் தலைகாட்டும். ஒரு தடவை எழும்பியதும் சரியாகிவிட்டது என்று நம்ப முடியாது.

முதலில் கெர்னல். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால், பழைய கெர்னலில் ஓட்டிப் பாருங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய இயந்திரங்களில் ஷிஃப்ட் விசையை, அழுத்தினால் கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்ற இடத்தில் முந்திய கெர்னல் இருக்கும். இயந்திரம் புதிது, லினக்ஸ் பழையது என்றால் எதிர்ப்பக்கம் போக வேண்டும்: புதிய கெர்னல் தேவை. லினக்ஸ் மின்டில் அப்டேட் மனேஜரின் 'வியூ' பட்டியலிலுள்ள 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்ற இடத்தில் இதைச் சுட்டியாலேயே செய்யலாம். இந்த ஒரு படியோடு பலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

அடுத்தது பயோஸ். 'எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்' என்ற கட்டளை, உங்கள் இயந்திரத்துக்கு நிறுவனம் பயோஸ் அப்டேட் வெளியிட்டிருக்கிறதா என்று லினக்ஸுக்குள்ளிருந்தே பார்த்துச் சொல்லும். எல்லா நிறுவனமும் இதில் இல்லை. இல்லாவிட்டால் நிறுவனத் தளத்தில் மாதிரி எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். பயோஸ் எழுதும் நடுவில் கறண்ட் போனால் இயந்திரமே வீணாகலாம். பட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் செருகியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பட்டரி செத்த லப்டொப்பில் யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, தூக்க வகையை மாற்றுவது. மெம்_ஸ்லீப் கோப்பில் இரண்டு சொற்களும் இருந்தால், இப்போது நடைமுறையில் இல்லாததை முயன்று பாருங்கள். கிரப் பட்டியலில் உங்கள் லினக்ஸ் மேல் நின்று இ விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு 'மெம்_ஸ்லீப்_டிஃபோல்ட்=டீப்' என்று சேர்த்து எஃப்10ஐ அழுத்துங்கள். டீப்பில்தான் உறைகிறது என்றால் அந்த இடத்தில் எஸ்2ஐடில் என்று எழுதுங்கள். இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும். பலிக்காவிட்டால் மறுதொடக்கத்தோடு போய்விடும். பலித்தால் மட்டும் '/ஈடிசி/டிஃபோல்ட்/கிரப்' கோப்பில் எழுதி 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். கெர்னலுக்குக் கொடுக்கும் எந்த அளவுருவையும் இந்த வழியில் முதலில் சோதிப்பதே பாதுகாப்பு.

திரைச் சில்லும் டிஸ்க்கும்

திரைச் சில்லு மீது சந்தேகம் என்றால், முதலில் கேட்க வேண்டியது என்விடியா இருக்கிறதா என்பது. என்விடியாவின் சொந்த டிரைவர், இயல்பான அமைப்பில், தூங்கும்போது தன் படநினைவகத்தில் உள்ளதில் அவசியமானதை மட்டும் காப்பாற்றுகிறது. மிச்சம் போய்விடுவதால் எழும்பியதும் திரை சிதறும், அல்லது உறையும். முழுவதையும் காக்க 'பிரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்' என்ற தெரிவை 1 ஆக்கி, 'என்விடியா-சஸ்பென்ட்', 'என்விடியா-ஹைபர்னேட்', 'என்விடியா-ரெசியூம்' ஆகிய மூன்று சேவைகளும் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தத் தரவை டிரைவர் '/டெம்ப்' கோப்புறையில் வைக்கும். சில லினக்ஸ்களில் அந்தக் கோப்புறையே ரேமில்தான் இருக்கிறது. அப்படியானால் டிஸ்க்கில் உள்ள '/வார்/டெம்ப்' கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.

இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள மடிக்கணினியில் உபுண்டு, மின்ட் பாவிப்பவர்கள் 'சூடோ பிரைம்-செலெக்ட் இன்டெல்' கொடுத்து என்விடியாவை ஒதுக்கிவிட்டுத் தூங்கவைத்துப் பாருங்கள். சரியாக எழும்பினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் இன்டெல் மட்டுமே தாராளமாகப் போதும்.

இன்டெல் மட்டும் உள்ளதில் திரை உறைந்தால் 'ஐ915.இனேபிள்_பிஎஸ்ஆர்=0' என்ற அளவுருவைச் சோதிக்கலாம். படம் மாறாதபோது திரை தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அது நிறுத்தும். ஏஎம்டி இயந்திரம் என்றால் அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதிய 'ஏஎம்டி-எஸ்2ஐடில்' என்ற கருவி இருக்கிறது. அது இயந்திரத்தைத் தூங்கவைத்து எழுப்பி, எங்கே குறை என்று அறிக்கை தரும். ஏஎம்டி பாவனையாளர் அதிலிருந்தே தொடங்கலாம்.

டிஸ்க் எழும்பாத அறிகுறி கண்டவர்கள், அது என்விஎம்இ வகை எஸ்எஸ்டியா என்று பாருங்கள். இந்த வகை தானாகவே ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போகும்; சிலது அதிலிருந்து மீளத் திணறும். 'என்விஎம்இ_கோர்.டிஃபோல்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0' என்ற அளவுரு அந்தப் பழக்கத்தை நிறுத்தும். பட்டரி கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். எஸ்எஸ்டியின் ஃபேர்ம்வெயர் அப்டேட் இருந்தால் அதையும் போடுங்கள். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கவும் கூடும் என்பதால், எதற்கும் முதலில் கோப்புகளை வேறொரு இடத்தில் பிரதியெடுத்துவிடுங்கள்.

படிப்படியாக வலையை இறுக்குவது

மேலே சொன்ன எதிலும் பிடிபடாவிட்டால் கெர்னலிலேயே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. '/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்' என்ற கோப்பில் ஒரு படியின் பெயரை நிர்வாகி உரிமையோடு (ரூட்டாக) எழுதிவிட்டுத் தூங்கச் சொன்னால், இயந்திரம் அந்தப் படிவரை மட்டும் போய், ஐந்து வினாடி நின்று, திரும்பி வரும். படிகள் ஐந்து: ஃப்ரீஸர், டிவைசஸ், பிளாட்ஃபோர்ம், புரொசெஸர்ஸ், கோர். அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்; எஸ்2ஐடிலில் முதல் மூன்று மட்டுமே உண்டு. முடிந்ததும் 'நன்' என்று எழுதி இயல்புக்குக் கொண்டுவாருங்கள்.

ஃப்ரீஸரில் தேறி டிவைசஸில் உறைந்தால் ஒரு டிரைவர்தான் காரணம். பிறகு வெளியிலிருந்து தொடங்குங்கள். யூஎஸ்பியில் செருகியிருக்கும் டொங்கிள், வெளிச் சுட்டி, எஸ்டி அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பிறகு வைஃபை, புளூடூத் டிரைவர்களை 'மொட்புரோப் -ஆர்' கொடுத்து இறக்கிவிட்டுச் சோதியுங்கள். வைஃபை டிரைவரை இறக்கியதும் நன்றாக எழும்புகிறது என்றால், '/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டெம்டி/சிஸ்டெம்-ஸ்லீப்' கோப்புறையில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வைக்கலாம். தூங்கும் முன் 'பிரீ' என்றும், எழும்பியதும் 'போஸ்ட்' என்றும் சொல்லி லினக்ஸ் அதை இயக்கும். பிரீயில் டிரைவரை இறக்கி, போஸ்டில் ஏற்றினால் போதும்.

எல்லாப் படியும் தேறி, உண்மையான தூக்கத்தில் மட்டும் உறைந்தால் பயோஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எதையும் எழுதிவைக்க டிஸ்க் இல்லை, காட்டத் திரை இல்லை. இதற்கு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2006இல் ஒரு வழி செய்தார். மறுதொடக்கத்தையும் தாண்டி மதிப்பு அழியாமல் இருப்பது பெரும்பாலும் தாய்ப்பலகையிலுள்ள கடிகாரம் மட்டுமே. எழும்பும்போது கெர்னல் எந்தச் சாதனத்தில் நிற்கிறது என்ற குறிப்பை அந்தக் கடிகாரத்தின் நேரமாகவே எழுதிவைக்கும்படி செய்துவிட்டார். '/சிஸ்/பவர்/பிஎம்_டிரேஸ்' கோப்பில் 1 என்று எழுதிவிட்டுத் தூங்கவிடுங்கள். உறைந்ததும் அணைத்து, தாமதிக்காமல் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி தொடங்கி, 'சூடோ டிமெசேஜ்' கட்டளையில் 'ஹாஷ் மேட்சஸ்' என்ற வரியைத் தேடுங்கள். டிமெசேஜ் என்பதை டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தாகத் தட்ட வேண்டும். கடைசியாக நின்ற சாதனத்தின் பெயர் அங்கே இருக்கும். கணினியின் நேரம் தாறுமாறாகிவிடும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

மென்பொருள் அல்லாத காரணங்கள்

எழும்பிய பின் ஒரு நாள் திரை, ஒரு நாள் உலாவி, ஒரு நாள் முழுக் கணினி என்று இடம் மாறி மாறிக் குழப்பினால் ரேமைச் சந்தேகியுங்கள். எஸ்3 தூக்கத்தில் உயிரோடு இருக்க வேண்டிய ஒரே பாகம் அதுதான். மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேம் சரியில்லை. கடற்காற்றும் ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் இணைப்பு முனைகள் கறுப்பதும் உண்டு. கழற்றக்கூடிய ரேம் என்றால், பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்துத் துடைத்துப் பொருத்திப் பார்க்கலாம். விண்டோஸும் அதே இயந்திரத்தில் இருந்தால் அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. சாதனங்களை அரைகுறை நிலையில் விட்டுச்செல்கிறது.

சரியாகும்வரை என்ன செய்வது

2022 மார்ச் 31இல் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் பட்டரி செத்த லப்டொப்பை மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ வேலையை இழந்தார்கள். எஸ்3ஆனாலும் எஸ்2ஐடிலானாலும் ரேமுக்கு மின்சாரம் வேண்டும். பட்டரி தாங்காத இயந்திரத்தில் கறண்ட் போன வினாடியே எல்லாம் அழிந்துவிடும். திறந்ததும் நிறுவனச் சின்னத்தோடு புதிதாகத் தொடங்கினால் அது உறைவு அல்ல, பட்டரிப் பிரச்சினை. மேலே சொன்ன எதையும் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஹைபர்னேட் நல்லது. ரேமில் உள்ளதை எழுதிவைக்க, ரேம் அளவுக்காவது டிஸ்க்கில் ஸ்வொப் என்ற இடம் ஒதுக்க வேண்டும். உபுண்டுவில் ஹைபர்னேட் இயல்பாக இயங்காது. தனியாக அமைக்க வேண்டும். செக்கியூர் பூட் இயங்கும் இயந்திரங்களில் கெர்னல் இதைத் தடுத்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

அதுவும் முடியாவிட்டால், மூடியை மூடினால் தூங்க வேண்டாம், திரையை மட்டும் பூட்டு என்று சொல்லிவிடலாம். '/ஈடிசி/சிஸ்டெம்டி/லொகின்ட்.கொன்ஃப்' கோப்பில் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=லொக்' என்று எழுதினால் சரி; அந்தப் பெயரில் ஹேண்டில், லிட், ஸ்விட்ச் மூன்றின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. ஆனால் இப்படி அமைத்த லப்டொப்பை ஓடவிட்டபடி பைக்குள் வைக்கக் கூடாது. நம் வெக்கையில் காற்றோட்டமில்லாத பைக்குள் அது சூடாகி, பட்டரியும் கெடும். பைக்குள் வைக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

கண்டதைச் சொல்லுங்கள்

பல நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினியின் தூக்கத்தை விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு விற்கின்றன. லினக்ஸில் அது சரியாவது பாவனையாளர்கள் சொல்வதால்தான். திங்பேட் கதை அதற்குச் சான்று. ஆகவே உங்கள் இயந்திரத்தில் கண்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உபுண்டுவில் 'உபுண்டு-பக் லினக்ஸ்' என்று தட்டினால் தேவையான பதிவுகளைத் தானே திரட்டிக்கொண்டு முறைப்பாட்டுப் பக்கத்தைத் திறக்கும். மடிக்கணினியின் முழு மாதிரி எண், கெர்னல் பதிப்பு, எந்தத் தூக்க வகை, எந்தப் படியில் நின்றது, எந்தக் கெர்னல்வரை நன்றாக இருந்தது என்று ஐந்து வரி எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். "எழும்பவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

அதே ஐந்து வரியைத் தமிழிலும் எழுதி, ஊரில் லினக்ஸ் போட்டுக்கொடுக்கும் கடைக்காரருக்கும் கூடப் படிக்கும் நண்பர்களுக்கும் கொடுங்கள். ஒரே மாதிரி லப்டொப்கள் ஊருக்குள் பல கைகளில் இருக்கின்றன. ஒருவர் கண்டுபிடித்த வழி அடுத்தவரின் ஒப்படையைக் காப்பாற்றும்.